சீதே: மொழிகள் கரைந்த துறைமுகம்

கடற்கரைப் பட்டினங்களின் வரலாறு பெரும்பாலும் குடியேறியவர்களின் வரலாறே ஆகும். உழுது வாழும் ஊர் மண்ணைப் பற்றி நிற்கும். துறைமுகமோ வருவோரையும் போவோரையும் கொண்டே வாழும். கடல் கொணர்ந்த மக்கள் கரையேறியபோது தம் தெய்வங்களையும் தொழில்களையும் உடன் கொணர்ந்தனர், மொழியையும் கொணர்ந்தனர். இம்மூன்றில் எது நிலைத்தது, எது கரைந்தது என்று ஆராய்வது வரலாற்று மாணவனுக்குச் சுவை தரும் பணி. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கோ அது வெறும் சுவைக்குரிய செய்தி மட்டும் அன்று.

அவ்வாறு ஆராய்வதற்கு ஏற்ற ஊர் ஒன்று மத்தியதரைக் கடலின் கரையில் உள்ளது. துருக்கி நாட்டின் தென்கரையில், அந்தாலியா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த அவ்வூரின் பெயர் சீதே. இன்று ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்திரளான பயணிகள் அங்குச் செல்கின்றனர். அவர்களை ஈர்ப்பவை இரண்டு: ஊரின் இருபுறமும் நீண்டு கிடக்கும் மணற்கரை, ஊரின் நடுவே ஓங்கி நிற்கும் பழங்கால இடிபாடுகள். இவ்விரண்டையும் கண்டு மீள்பவர் பலர். அம்மண்ணில் மறைந்துபோன மொழிகளைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே.

மாதுளையின் பெயர் பெற்ற ஊர்

கடலுக்குள் நீட்டிய நாக்குப் போன்ற ஒரு சிறு நிலமுனையின்மேல் சீதே அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அகலம் அதில் பாதிக்கும் குறைவு. பண்டை நாளில் இக்கடற்பகுதி பம்பிலியா எனப்பட்டது. 'சீதே' என்னும் சொல்லுக்கு மாதுளை என்பது பொருள். அச்சொல் கிரேக்கர் வருகைக்கு முன்பே அனத்தோலிய மண்ணில் வழங்கிய பழைய மொழியொன்றைச் சேர்ந்தது என்பர் ஆய்வாளர். ஊர்ப் பெயருக்கேற்ப இந்நகரத்தார் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் மாதுளம்பழம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நிலப்பக்கத்துப் பெருவாயில் வழியாக நகருக்குள் நுழைவோமாயின், மதிலுக்கு வெளியே எதிர்ப்படுவது நீரூற்று மண்டபம். மூன்றடுக்காக, பளிங்குச் சிலைகளுடன் விளங்கிய இம்மண்டபம் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மெலஸ் என்று அந்நாளிலும் மானவ்காத் என்று இந்நாளிலும் வழங்கும் ஆற்றின் நீரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கல் வளைவுகளின் மேலும் பாறைக் குடைவுகளின் ஊடும் கொணர்ந்து இங்கே பாய்ச்சினர். உப்புநீர் சூழ்ந்த முனையில் நன்னீர் பொழிந்த விந்தை அது.

வாயிலைக் கடந்தால் தூண்கள் அணிவகுத்த பெருந்தெரு தொடங்குகிறது. அத்தெரு நம்மை அங்காடி வெளிக்கு இட்டுச் செல்கிறது. அதன் எதிரே பிற்காலத்து உரோமானியக் குளியல் மண்டபம் ஒன்று உண்டு. அகழாய்வில் கிடைத்த சிலைகளையும் கற்பேழைகளையும் வைப்பதற்காக 1960களில் அதனையே அருங்காட்சியகம் ஆக்கினர். அங்காடிக்கு அருகே நிற்பது பேரரங்கம். கிரேக்கர் தம் அரங்கங்களைக் குன்றின் சரிவில் குடைந்தே அமைப்பர். சீதேயிலோ குன்று இல்லை. ஆதலின் சமதரையில் கல் வளைவுகளை எழுப்பி, அவற்றின்மேல் மேலிருக்கைகளைத் தாங்கச் செய்தனர் உரோமானியர் காலத்துக் கட்டடக் கலைஞர்கள். பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்க இவ்வரங்கம் பின்னாளில் கிறித்தவர்கள் கூடி வழிபடும் திறந்தவெளித் தேவாலயமாகவும் பயன்பட்டது.

தெருவின் முடிவில், கடல் அலைகள் மோதும் முனையில், அப்பல்லோவுக்கும் அத்தேனாவுக்கும் எழுப்பிய இரு கோவில்கள் இருந்தன. இன்று அப்பல்லோ கோவிலின் ஐந்து பளிங்குத் தூண்கள் மட்டும் மேல்விட்டத்தின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கின்றன. இவையும் காலத்தை வென்று தாமாக நின்றவை அல்ல. வீழ்ந்து கிடந்த துண்டங்களைப் பொருத்தி மீண்டும் நிறுத்தியவை. 1947இல் இங்கு முறையான அகழாய்வைத் தொடங்கியவர் அரிஃப் முஃபித் மான்செல் என்னும் துருக்கிய அறிஞர். அவருடன் பணியாற்றிய ஜாலே இனான் அம்மையார் துருக்கியின் முதல் பெண் தொல்லியலாளர் எனப் போற்றப்படுபவர். 1980களில் தூண்களை நிறுத்தும் பணி அவர் தலைமையில் நடைபெற்றது.

இக்கட்டடங்களில் காணும் கல்வெட்டுகள் பெரும்பாலும் கிரேக்க மொழியில் உள்ளன. ஆகவே இதனைக் கிரேக்கர் நகரம் என்று காண்போர் முடிவு செய்துவிடுவது இயல்பே. ஆனால், இவ்வூரின் பழைய மொழி கிரேக்கம் அன்று.

அர்ரியன் கூறும் விந்தைச் செய்தி

கி.மு. 333இல் மாவீரன் அலெக்சாந்தர் இக்கரை வழியே படை நடத்திச் சென்றான். சீதே நகரம் எதிர்ப்பின்றி அவனுக்குப் பணிந்தது. இதனை எழுதியவர் அர்ரியன். அலெக்சாந்தருக்கு நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர். இந்நகர மக்களைப் பற்றிய ஒரு செய்தியையும் அவர் குறித்து வைத்துள்ளார்.

சீதே மக்களின் முன்னோர் அனத்தோலியாவின் மேற்குக் கரையில் உள்ள கியூமே என்னும் கிரேக்கப் பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் இங்கே கரையிறங்கியவுடன் தம் தாய்மொழியாகிய கிரேக்கத்தை மறந்து, வேறொரு மொழியைப் பேசத் தலைப்பட்டனராம். அம்மொழியும் அண்டை அயலார் பேசியது அன்றாம்; அதுவரை எங்கும் இல்லாத தனிமொழியாம். சீதே மக்களே தம்மைப்பற்றி இவ்வாறு சொல்லிக்கொண்டனர் என்பது அர்ரியன் தரும் விளக்கம்.

கரையில் கால் வைத்த அளவில் ஒருவன் தாய்மொழியை மறப்பானா? மறவான். இது கதை என்பதில் ஐயமில்லை. எனினும், மக்கள் தம்மைப்பற்றித் தாமே சொல்லும் கதைகளில் உண்மையின் விதை ஒன்று இருப்பதுண்டு. கிரேக்கர் வருமுன்னரே அந்த முனையில் ஒரு மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்கென ஒரு மொழி இருந்தது. வந்த கிரேக்கர் சிலராகவும் இருந்தவர் பலராகவும் இருந்திருத்தல் கூடும். வந்தவர் உள்ளூரில் மணம் செய்தனர். உள்ளூராரோடு வாணிகம் செய்தனர். தந்தை பேசிய மொழியை மகன் புரிந்துகொண்டான். பேரன் அதன் ஓசையை மட்டும் அறிந்தான். கொள்ளுப்பேரனுக்கு அப்படியொரு மொழி இருந்தது என்ற கதை மட்டும் மிஞ்சியது. நூறாண்டுகளில் நிகழ்ந்ததைக் கதை ஒரே நாளில் அடக்கிவிட்டது. மறதி சிறிது சிறிதாக நேரும்போது மறப்பவர்க்கு அது தெரிவதில்லை. திரும்பிப் பார்க்கும் வழித்தோன்றலுக்கோ எல்லாம் ஒரு நொடியில் நிகழ்ந்தது போலத் தோன்றுகிறது.

எழுத்துகள் கூறும் சான்று

அர்ரியன் சொன்ன தனிமொழி கற்பனை அன்று என்பதை மெய்ப்பித்தவை கல்வெட்டுகளும் காசுகளும். கி.மு. 5ஆம் நூற்றாண்டு முதலே சீதேயின் காசுகளில் கிரேக்கம் அல்லாத எழுத்துகள் பொறிக்கப்பட்டன. 1914இல் ஆர்ட்டெமோன் என்பவனின் பெயர் தாங்கிய கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒரே கல்லில் கிரேக்கமும் அந்தப் புதிய மொழியும் இருந்தன. 1949இல் அப்பல்லோனியோஸ் என்பவனின் பெயர் தாங்கிய மற்றோர் இருமொழிக் கல்வெட்டு வெளிப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்புநோக்கிய ஹெல்முத் போசர்ட் என்னும் செர்மானிய அறிஞர் பல எழுத்துகளின் ஒலியை இனங்கண்டார். சீதேத்தியம் என இன்று அழைக்கப்படும் அம்மொழி வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. லூவியன், லிசியன் முதலிய பழைய அனத்தோலிய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இங்கே கருதத்தக்கவை இரண்டு. கல்வெட்டுகளில் வரும் ஆர்ட்டெமோன், அப்பல்லோனியோஸ் என்னும் பெயர்கள் தூய கிரேக்கப் பெயர்கள். மொழி உள்ளூருக்குரியதாக இருந்தபோதே பிள்ளைகளுக்கு இடும் பெயர் கிரேக்கமாகிவிட்டது. அடுத்து, படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சிறிது திரிந்து சீதேத்தியக் கல்வெட்டில் புகுந்துள்ளது. முதலில் பெயர்கள் மாறின. பின்னர் ஆட்சிச் சொற்கள் நுழைந்தன. அதன் பின்னர் மொழியே மாறியது. ஏனெனில் அலெக்சாந்தருக்குப் பின் அப்பகுதியில் அரசவை மொழியும் வாணிக மொழியும் கிரேக்கமே. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செலூக்கிய மரபின் ஏழாம் ஆந்தியோகஸ் இளமையில் இங்கு வளர்ந்தமையால் சீதேத்தெஸ் எனப் பெயர் பெற்றான். அரசகுமாரனை வளர்க்கத்தக்க கிரேக்க நாகரிகம் அந்நகரில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இஃதொன்றே சான்று. அந்நூற்றாண்டுக்குப் பின் சீதேத்திய எழுத்து அறவே மறைந்தது.

காலத்தின் திருவிளையாட்டை நோக்குக! கிரேக்கம் பேசி வந்தவர்கள் அதனை மறந்து உள்ளூர் மொழியை ஏற்றனர். அவர்களின் வழிவந்தோர் அவ்வுள்ளூர் மொழியை மறந்து கிரேக்கத்தை ஏற்றனர். முன்னதை இழக்கச் செய்தது அக்கம்பக்கம். பின்னதை இழக்கச் செய்தது ஆட்சியும் வாணிகமும்.

செல்வமும் அதன் நிழலும்

துறைமுகத்தின் செல்வம் எப்போதும் நேரிய வழியில் வந்ததன்று. கி.மு. 190இல் இந்நகருக்கு அருகே உரோதுத் தீவின் கடற்படையோடு பொருது தோற்றவன் கார்த்தேசின் மாவீரன் ஹன்னிபால். செலூக்கிய அரசனின் கப்பற்படைக்குத் தலைமை ஏற்று அவன் போரிட்டான். அவ்வரசின் வலிமை குன்றியபின் இக்கடலில் ஓங்கியது கடற்கொள்ளை. பாண்டியன் அனுப்பிய தூது பற்றிய குறிப்பால் தமிழ் வரலாற்று மாணவர்க்கு அறிமுகமான ஸ்ட்ராபோ, சீதேயைப்பற்றியும் எழுதியுள்ளார். கொள்ளையருக்குத் தன் கப்பல் துறைகளைத் திறந்துவிட்டது இந்நகரம் என்றும், பிடித்து வந்தவர்கள் அடிமைகள் அல்லர், சுதந்திர மனிதர் என்று அறிந்திருந்தும் இங்கே ஏலத்தில் விற்றனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். கி.மு. 67இல் உரோமானியத் தளபதி பாம்பே கொள்ளையரை ஒடுக்கும் வரை இது நடந்தது.

பளிங்குத் தூண்களை வியக்கும்போது இதனையும் நாம் மறத்தலாகாது. அந்த ஏலக்களத்தில் நின்றவர்களும் ஒவ்வொரு மொழி பேசியவர்களே. தாயையும் ஊரையும் பிரிந்து, தம் சொல்லைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லாத வீடுகளுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். விரும்பிக் குடியேறியவரின் மொழிக்குக் கல்வெட்டில் ஓர் இடமேனும் கிடைத்தது. விற்கப்பட்டவரின் மொழிக்கு அதுவும் கிடைக்கவில்லை.

உரோமானியப் பேரரசின் அமைதியில் சீதே வளம் பெற்றது. நாம் காணும் கட்டடங்களில் மிகப்பல அக்காலத்தவை. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் அராபியக் கப்பற்படைகளின் தாக்குதல் நகரைத் தளர்த்தியது. துறைமுகத்தில் மணல் சேர்ந்தது. 12ஆம் நூற்றாண்டளவில் எஞ்சிய மக்கள் அந்தாலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். ஆளற்ற ஊருக்குப் பழைய அந்தாலியா என்ற பெயர் மட்டும் தங்கியது. 1811, 1812ஆம் ஆண்டுகளில் இக்கரையை அளந்த ஆங்கிலக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூபோர்ட் கண்டது புதர் மண்டிய அரங்கத்தையும் மக்களற்ற முனையையும்தான்.

மீண்டும் ஒரு குடியேற்றம்

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் உறங்கிய முனைக்கு மீண்டும் கடல்வழியே மக்கள் வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரீட் தீவில் கலகம் மூண்டது. 1898இல் அத்தீவு உதுமானியரின் நேராட்சியினின்று விடுபட்டுத் தன்னாட்சி பெற்றது. அச்சமுற்ற முசுலிம் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளையும் ஒலிவத் தோட்டங்களையும் விட்டுக் கப்பலேறின. அவர்களுள் ஒரு சாராருக்கு உதுமானிய அரசு அளித்த இடமே சீதே. செலிமியே என்று தம் சிற்றூருக்குப் பெயர் சூட்டி, இடிபாடுகளின் நடுவே, உடைந்த கற்களையும் பயன்படுத்தி வீடு கட்டினர். மீன் பிடித்தும் நிலம் உழுதும் வாழத் தொடங்கினர்.

இம்மக்களின் தாய்மொழி யாது? சமயத்தால் முசுலிம்களாகவும் ஆட்சியால் துருக்கியராகவும் கருதப்பட்ட இவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசியது கிரீட் தீவின் கிரேக்கம்! கியூமே மக்களோடு ஒருமுறை, அலெக்சாந்தரின் ஆட்சியோடு ஒருமுறை வந்த கிரேக்க மொழி, மூன்றாம் முறையாக அந்த முனையில் ஒலித்தது.

1923 சனவரி 30ஆம் நாள் லோசானில் கிரீசும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. அதனால் இடம் பெயர்ந்த ஆர்த்தடாக்சு கிறித்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேர். முசுலிம்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். அவ்வொப்பந்தம் மக்களைப் பிரித்தது சமயத்தால், மொழியால் அன்று. ஆகவே துருக்கி மொழி மட்டுமே அறிந்த கிறித்தவர் கிரீசுக்குப் போயினர். கிரேக்கம் மட்டுமே அறிந்த முசுலிம்கள் துருக்கிக்கு வந்தனர். சென்ற இடத்தில் இருசாராரும் அயலாராகவே நோக்கப்பட்டனர். 1928இல் துருக்கி மொழியையே பேசுமாறு குடிமக்களை வலியுறுத்தும் இயக்கம் ஒன்று இஸ்தான்புல்லில் தோன்றிப் பிற நகரங்களுக்கும் பரவியது. பள்ளியில் துருக்கி, கடைத்தெருவில் துருக்கி, படைப்பணியில் துருக்கி. கிரீட் கிரேக்கத்துக்கு எஞ்சிய இடம் அடுக்களையும் திண்ணையும் மட்டுமே. அதனைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளி எதுவும் அங்கு இல்லை.

அடுக்களையில் தங்கிய மொழி பாட்டிமாரோடு போயிற்று. ஆனால் அடுக்களையின் சுவை போகவில்லை. வயல்வெளிக் கீரைகளைப் பறித்து ஒலிவ எண்ணெயில் சமைக்கும் பழக்கம் கிரீட்டார் வழிவந்தோரிடம் இன்றும் உண்டு. ஒரு வயலில் ஒரு பசுவும் ஒரு கிரீட்டாரும் புகுந்தால், பசுவை விட்டுவிட்டுக் கிரீட்டாரைத் துரத்த வேண்டும் என்று துருக்கியர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பசு தன் வயிறு நிறைந்ததும் நின்றுவிடுமாம், கிரீட்டாரோ ஒரு கீரையையும் விடமாட்டாராம்! திருமண நாள்களில் பாடிய ஈரடிப் பாடல்களில் ஒன்றிரண்டைப் பொருள் அறியாமலே நினைவில் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளும் உண்டு. உணவு தங்கியது, ஓசை சிறிது தங்கியது, மொழி தங்கவில்லை.

நமக்குரிய செய்தி

இவ்வரலாற்றில் குற்றவாளிகளைத் தேடுவது பயனற்றது. கியூமேயிலிருந்து வந்த மீகாமனோ, கிரீட்டிலிருந்து வந்த மீனவனோ தன் மொழியை வெறுத்து விட்டுவிடவில்லை. பிழைக்க வந்த இடத்தின் மொழியைக் கற்றல் கடமை, அதில் இழிவில்லை. அலுவலகத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கோப்புகளை எழுதி, அண்டை வீட்டாரோடு அவர் மொழியில் அளவளாவி வாழும் நமக்கு இது நன்கு தெரியும். ஒரு மொழியைக் கற்பதனால் மற்றொன்று அழிவதில்லை. எழுதவும் படிக்கவும் ஓரிடம் இல்லாமல், அடுக்களைக்குள் மட்டும் ஒதுங்கிவிடும்போதுதான் அது அழிகிறது.

சீதேத்திய மொழி வழங்கிய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அதில் பேசியிருப்பர், சிரித்திருப்பர், குழந்தையைத் தாலாட்டியிருப்பர். அவற்றுள் இன்று நம் கைக்கு எட்டுவன, கல்லிலும் காசிலும் பொறித்த சில வரிகளே. எழுதப்பட்டவை மட்டுமே இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தன. கிரீட்டாரின் கிரேக்கத்துக்கு அச்சிறு வாய்ப்பும் அம்முனையில் கிடைக்கவில்லை.

நம் நிலை அவர்களினும் பன்மடங்கு நல்லது. நம் மொழிக்குத் தாயகம் உண்டு, நூல்கள் உண்டு, ஊருக்கு ஊர் சங்கங்கள் உண்டு, வந்து போக இரயிலும் உண்டு. ஆயினும் அர்ரியனின் கதை நம் இல்லங்களில் தொடங்கவே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல இயலுமா? தாய் தமிழில் வினவ, பிள்ளை வேற்றுமொழியில் விடையிறுக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. பொங்கலும் புளியோதரையும் தவறாமல் சமைத்து, ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டவேண்டிய வீடுகளும் உண்டு. சமையல் தங்கிவிட்டதால் மொழியும் தங்கிவிட்டது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது என்பதைச் செலிமியே நமக்குக் காட்டுகிறது.

செய்யத்தக்கது பெரிய காரியம் ஒன்றும் அன்று. ஞாயிறுதோறும் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புவோம். ஊரில் உள்ள தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மாதம் ஒரு கடிதத்தைப் பிள்ளை தன் கையால் தமிழில் எழுதட்டும். பிழைகள் இருப்பினும் இருக்கட்டும். பெரியோர் வாய்மொழியாகச் சொல்லும் ஊர்க்கதையையும் குடும்பக் கதையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். சீதேயின் வீழ்ந்த தூண்களை, சிதறிய துண்டங்கள் கிடைத்தமையால் அறிஞர்கள் மீண்டும் நிறுத்தினர். எழுதி வைக்காது விட்ட மொழிக்கோ பொறுக்கி எடுக்கத் துண்டங்களும் கிடைப்பதில்லை.